டிராக்டர் வராத புரட்டாசி

போன வருடம் புரட்டாசி மாதம், காங்கேயத்துக்குப் பக்கத்தில் என் கணவருடைய ஊரில் நடந்தது இது. நடந்தது என்பதை விட, நடக்க இருந்து கடைசி நேரத்தில் நடக்காமல் போனது என்று சொன்னால் சரியாக இருக்கும். யாருக்கும் அடிபடவில்லை, எதுவும் திருடு போகவில்லை. ஆனாலும் என் வாழ்க்கையில் நான் தப்பித்த சம்பவம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அந்த ஊரில் எங்களுக்குக் கொஞ்சம் கொறங்காடு இருக்கிறது. கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்த பலருக்கே இந்தச் சொல் தெரியாது. எனக்கும் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். கொறங்காடு என்றால் மாடு மேய்வதற்கென்றே விட்டிருக்கும் மானாவாரி நிலம். சுற்றிலும் கிளுவைச் செடியால் உயிர்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். அதை யாரும் விதைப்பதில்லை, தண்ணீர் கட்டுவதும் இல்லை. மழை பெய்தால் புல் வரும். பூத்து, விதை கொட்டி, காய்ந்து, அடுத்த மழைக்கு மறுபடி வரும். அந்தப் பக்கத்து மாடுகள் இதை நம்பித்தான் இருக்கின்றன.

என் மாமியார் அங்கே தனியாக இருக்கிறார். மாமனார் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அத்தைக்கு அந்தக் காடும், சாம்பல் நிறத்தில் ஒரு மயிலைப் பசுவும், அதன் கிடாரிக் கன்றும்தான் அன்றாட வேலை. முன்பு நான்கு மாடுகள் இருந்தன. தொடர்ந்து இரண்டு வருடம் மழை ஏமாற்றியதில் இரண்டை விற்றுவிட்டார்.

நாங்கள் சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நான் கல்லூரியில் தாவரவியல் படித்தேன். பார்ப்பதோ வெளிநாட்டு மருத்துவமனைகளின் காப்பீட்டுக் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை. மகள் பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். போன வருட ஆரம்பத்தில், தீபாவளிக்குப் பிறகு எல்லோரும் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது கூட முடியவில்லை.

அவளை யாரிடம் விடுவது என்பதே என் ஒரே யோசனையாக இருந்தது. பக்கத்துக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. நான்கு முறை போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே ஒரு குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு இடையே இடைவெளி அதிகமாகத் தெரிந்தது. எனக்கு எதையும் இரண்டு தடவை பார்த்தால்தான் நிம்மதி. காய்ச்சல் பார்த்தால் தெர்மாமீட்டரை உதறிவிட்டு இன்னொரு முறை வைத்துப் பார்ப்பேன். கேஸை மூடிவிட்டு மாடிப்படி இறங்கியவள் திரும்ப ஏறி வந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவள் காப்பகத்தில் பிள்ளையை விடுவது நடக்காத காரியம். என் அம்மா திருப்பூரில் அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மிச்சம் இருந்தது அத்தை மட்டும்தான்.

அத்தையிடம் என் கணவர் கேட்டபோது அவர் முடியாது என்று சொல்லவில்லை. மாட்டை விட்டுவிட்டு எப்படி வருவது என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் நாங்கள் வற்புறுத்தவில்லை.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது காட்டைப் பார்த்தேன். புல் தூர்கள் தேய்ந்த விளக்குமாறு போலச் சாம்பல் நிறத்தில் நின்றன. நடுவில் வெறும் செம்மண்ணும் சரளைக் கல்லும்தான். வேலியோரம், கிளுவை நிழல் விழும் இடத்தில் மட்டும் கொஞ்சம் புல் பிழைத்துக் கதிர் வைத்திருந்தது. அத்தை அதிலிருந்து விதையை உருவி ஒரு மஞ்சள் பையில் சேர்த்து வைத்திருந்தார். மழை வந்தால் சொட்டையாகக் கிடக்கும் இடங்களில் தூவுவதற்காக.

கொழுக்கட்டைப் புல்லின் விதை நெல், சோளம் போல இருக்காது. பஞ்சும் முள்ளுமாக, சின்னக் கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் எடையே தெரியாது. சேலைக் கரையில் ஒட்டினால் வீடு வரைக்கும் கூடவே வரும். அத்தை ஒரு கைப்பிடியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி என்னிடம் கொடுத்தார்.

"இது மொளைக்குமான்னு பாத்துச் சொல்லு கண்ணு. நீ இதத்தான படிச்சே. உசுரு இருந்தா இன்னொரு வருசம் தாட்டிப் பாக்கறேன். இல்லீன்னா மாட்டக் குடுத்துப்போட்டு உங்ககூட வந்தர்றேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பால் காய்கிறது பார் என்று சொல்வது போல. ஆனால் அந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அவருடைய காடும், மாடும், என் வேலையும், பாப்பாவின் பகல்பொழுதும் எல்லாம் அந்த ஒரு கைப்பிடி விதையில் இருந்தன.

வீட்டுக்கு வந்து முறையாகத்தான் செய்தேன். கணவருடைய பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்து, பாப்பாவின் டிபன் பாக்ஸ் மூடியில் விரித்தேன். விதைகளை வரிசையாக வைத்து இன்னொரு துண்டால் மூடினேன். துணியிலோ தண்ணீரிலோ குறை இருந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக ஓர் ஓரத்தில் கொஞ்சம் பச்சைப்பயறும் வைத்தேன். கல்லூரியில் சோதனை செய்யும்போது இப்படித்தான் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பச்சைப்பயறு மறுநாளே வால் விட்டது. புல் விதை அப்படியே கிடந்தது. ஒரு வாரம் பார்த்தேன். அதற்கு மேலும் பார்த்தேன். துணியில் பூசணம் பிடித்ததே தவிர ஒரு விதையும் வாய் திறக்கவில்லை.

அத்தைக்குப் போன் செய்து, "விதை செத்துப்போச்சுங்க அத்தை" என்று சொன்னேன்.

"செரி கண்ணு. நீ பாத்தாச் செரியாத்தான் இருக்கும்" என்றார். மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டார்.

பொட்டலத்தில் மீதி விதை இருந்தது. அதை அடுக்களை அலமாரியில் புளி ஜாடிக்குப் பின்னால் வைத்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

ஆனாலும் அத்தை உடனே மாட்டைக் கொடுத்துவிடவில்லை. சோளத்தட்டு விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு சித்திரை வரைக்கும் ஓட்டினார். சித்திரையில் ஒரு நாள் அவரே போன் செய்தார். நல்ல கோடை மழை ஒன்று பெய்து, நான்கைந்து நாளில் காடு பச்சை கட்டியிருக்கிறது என்றார். மஞ்சள் பையில் இருந்த விதையையும் வீணாகப் போவானேன் என்று முன்பே சொட்டைகளில் தூவிவிட்டிருந்தாராம். குரலே மாறியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் செல்போனில் வீடியோவில் காட்டினார். சொட்டை விழுந்த தலையில் புதுமுடி வந்த மாதிரி மண்ணில் ஒரு பச்சை தெரிந்தது. எனக்குக் குழப்பமாக இருந்தது. செத்த விதை எப்படி முளைத்தது? பழைய வருடத்து விதை ஏதாவது மண்ணில் மிச்சம் இருந்திருக்கும், இத்தோடு அதுவும் தீர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணவரிடமும் அப்படியே சொன்னேன்.

அடுத்த மழை வரவில்லை. அக்கினி நட்சத்திர வெயிலும் அந்தப் பக்கத்துக் காற்றும் சேர்ந்து அந்தப் பச்சையை நூல் நூலாகப் பொசுக்கிவிட்டன. அத்தை அதைச் சொல்லப் போன் செய்யவில்லை. நாங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

அதோடு முடிவாகிவிட்டது. புரட்டாசிப் பட்டத்துக்குக் காட்டை உழுது கொடுத்தால் சோளம் விதைக்கக் குத்தகைக்கு எடுத்துக்கொள்வதாகப் பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னார். இறுகிப்போன நிலம் என்பதால் ரொட்டவேட்டர் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். டிராக்டரின் பின்னால் மாட்டுகிற இயந்திரம் அது. கத்திகள் சுழன்று, புல் தூர் வேர் எல்லாவற்றையும் நறுக்கி மண்ணோடு மாவாக்கிவிடும். பசுவையும் கன்றையும் தெரிந்தவர் ஒருவர், உழவு முடிந்ததும் வந்து பிடித்துப் போவதாக ஏற்பாடு. அதன் பிறகு அத்தை எங்களோடு வருவார்.

டிராக்டருக்குச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. கணவரால் வேலை நேரத்தில் போன் பேச முடியாது, அத்தைக்கு அதில் விருப்பம் இல்லை. எடுத்துக்கொண்ட வேலையை நான் பாதியில் விடுவதில்லை.

டிராக்டர்காரருக்கு நாற்பது வயது இருக்கும். பேச்சில் மரியாதைக்குக் குறைவே இருக்காது. ஆனால் வரமாட்டார். எப்போது போன் செய்தாலும் பின்னால் இன்ஜின் சத்தம் கேட்கும். நாளைக்கு வருவதாகச் சொல்வார். அந்த நாளை வரும்போது அவர் வேறு யாருடைய காட்டிலோ இருப்பார். நான் காலையில் ஒரு முறை, பாப்பா தூங்கும்போது ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை என்று போன் செய்துகொண்டே இருந்தேன். அவர் எடுப்பதை நிறுத்தினார். கணவருடைய போனிலிருந்து முயன்றேன். எடுத்தார்.

"ஏனுங்க அம்மணி, பட்டம் பொறந்தா எல்லாத்துக்கும் ஒரே நாள்ளதானுங்க உழவு வேணுங்குது. ஒரு காட்ட முடிச்சுத் திரும்பறதுக்குள்ள அடுத்த காட்டுக்காரரு வண்டிக்கு முன்னால வந்து நிக்கறாரு. நானென்னங்க, வண்டிய ரண்டா வெட்டியா ஓட்டறது? நாளைக்கு வாரேனுங்க."

அந்த நாளையும் அவர் வரவில்லை. நான் விடுப்புப் போட்டுவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, காந்திபுரம் போய் சிங்காநல்லூர் பஸ் மாறி, ஊருக்கே போய்விட்டேன். நேரில் போய் நின்றால்தான் காரியம் நடக்கும் என்று தோன்றியது.

அத்தை ஏற்கெனவே ஒரு பையில் சேலைகளை மடித்து வைத்திருந்தார். இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை ஒரு டப்பாவில் போட்டு மேலாக வைத்திருந்தார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கன்றைத் தொடச் சொன்னார். பாப்பா பயந்து என்னிடம் ஓடிவந்தாள். சரவணம்பட்டியில் பாலுக்கு எந்த நேரம் வண்டி வரும், லிப்ட்டில் தனியாகப் போக முடியுமா என்றெல்லாம் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் விவரமாகப் பதில் சொன்னேன். காட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மறுநாள் மதியம் டிராக்டர் வந்தே விட்டது. நான் காலையில் அவர் வீட்டுக்கே போய் அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்ததன் பலன். காட்டின் வாசலில் இருந்த முள்படலை நகர்த்திவிட்டு நான் ஒதுங்கி நின்றேன். அத்தை வரவில்லை. அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

வண்டி வேலியோரமாக ஒரே ஒரு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வந்தது. வறண்ட மண் புகையாக எழுந்தது. சாம்பல் நிறத் தூர்கள் இருந்த இடத்தில் செக்கச் செவேலென்று ஒரு பட்டை விழுந்தது. வேலை ஒருவழியாகத் தொடங்கிவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்போது அவருக்குப் போன் வந்தது. மேற்கே மேகம் கூடியிருந்தது. கடலை விதைக்க ஈரத்துக்குக் காத்திருந்த யாரோ, மழைக்கு முன்னால் கலப்பை போட்டு ஓட்டிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். இவர் வண்டியை அந்தப் பட்டையை ஒட்டியிருந்த ஒரு வெள்வேல மரத்தடியில் நிறுத்தி, ரொட்டவேட்டரைக் கழற்றி அங்கேயே இறக்கி வைத்தார். அதை மாட்டிக்கொண்டு அந்தக் காட்டில் ஓட்ட முடியாதாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை நாள் அலைக்கழித்துவிட்டுப் பாதியில் போவது நியாயமா என்று கேட்டேன். வேறு டிராக்டர் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். மிசின் இங்கேயே இருக்கும்போது நான் எங்கே ஓடிவிடப் போகிறேன், காலையில் முதல் வேலை இதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மழை பிடித்தது. சித்திரையில் பெய்தது போல ஒரே நாளோடு நின்றுபோகிற மழை இல்லை அது. இரவு முழுக்க ஓட்டின் மேல் கொட்டியது. காலையிலும் விடவில்லை. மண் சேறாகிவிட்டது, வண்டி உள்ளே இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும், காயட்டும் என்று டிராக்டர்காரர் போனில் சொன்னார். இந்த முறை மறுத்துப் பேச எனக்கு வழி இல்லை. பாப்பாவுக்குச் சளி பிடிக்குமோ என்ற பயம் வேறு. அத்தையை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரத்தில் மழையைப் பார்த்துக்கொண்டே, ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் இந்நேரம் உழவு முடிந்திருக்குமே என்று அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மழை விட்டு விட்டுத் தொடர்ந்தது. மண் காய்கிற நேரம் பார்த்து அடுத்த மழை வரும். ஆயுத பூஜை விடுமுறைக்குத்தான் மறுபடி ஊருக்குப் போக முடிந்தது. கணவரும் வந்தார்.

காட்டைப் பார்த்ததும் நாங்கள் இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டோம். சொட்டை என்று எந்த இடமும் இல்லை. செத்தது என்று நினைத்த தூர்களில் சில அடியிலிருந்து துளிர்த்திருந்தன. அவற்றுக்கு நடுவே, வெறும் மண்ணாகக் கிடந்த இடமெல்லாம் புதுநாற்று விரலளவுக்கு மேல் எழுந்திருந்தது. ரொட்டவேட்டர் மரத்தடியில், கத்திகளுக்கு இடையே புல் முளைத்து, இறக்கி வைத்த இடத்திலேயே நின்றது. வேலியோரம் அன்று ஓட்டிய அந்த ஒரு பட்டை மட்டும் பொட்டலாக இருந்தது. மேலாக இருந்த விதையெல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டிருக்க வேண்டும். அதில் நான்கு சாரணைக் கொடிகள் படர்ந்திருந்தன. கொழுக்கட்டைப் புல் ஒன்று கூட இல்லை.

நான் அந்தப் பட்டையையும் மற்ற இடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிபன் பாக்ஸ் மூடியில் பச்சைப்பயறை ஒப்பிட்டுப் பார்த்தது நினைவுக்கு வந்தது. இந்த ஒப்பீட்டை நான் ஏற்பாடு செய்யவில்லை, தானாகவே நடந்திருந்தது.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே டிராக்டர்காரர் வந்தார். ஆயுத பூஜைக்கு வண்டியையும் கலப்பையையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும், அதற்கு ரொட்டவேட்டரை எடுத்துப் போக வந்திருந்தார். எடுப்பதற்கு முன்னால், மண் இப்போது பதமாக இருப்பதாகவும், சொன்னால் ஒரு மணி நேரத்தில் ஓட்டிவிட்டே எடுத்துப் போவதாகவும் சொன்னார். அன்று பாதியில் விட்டுப்போனது அவருக்கு உறுத்தியிருக்கும் போல.

கணவர் யோசித்தார். சித்திரையிலும் இப்படித்தானே முளைத்துக் கருகியது, குத்தகைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இந்த மழை இத்தோடு நின்றுவிட்டால் இதுவும் கருகத்தான் செய்யும்.

அத்தை என்னைப் பார்த்தார். "நீ சொல்லு அம்மணி. இது நிக்குமா?"

எனக்கு முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன. நிற்காது என்று சொன்னால் அன்றைக்கே உழவு முடியும், அத்தை பையை எடுத்துக்கொண்டு எங்களோடு கிளம்புவார், தீபாவளி முடிந்ததும் நான் நிம்மதியாக அலுவலகம் போகலாம். நிற்கும் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. பொங்கலுக்குப் பிறகு விதை செத்துவிட்டது என்று சொன்னபோது எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பது ஞாபகம் வந்தது. எனக்கு அன்று தெரிந்தது, அந்த வாரத்தில் அந்தத் துணியில் அது முளைக்கவில்லை என்பது மட்டும்தான்.

"தெரியலீங்க அத்தை," என்றேன். "அன்னைக்கும் எனக்குத் தெரியலீங்க. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

அத்தை சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு புல்லுக்குள் நடந்து போய் ரொட்டவேட்டரின் பக்கத்தில் நின்றார். அதன் கத்தியில் சுற்றியிருந்த புல்லை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு டிராக்டர்காரரைக் கூப்பிட்டார்.

"ஏனப்பா, உன்ற மிசினு இத்தன நாளா எங்க காட்டுல மேஞ்சுட்டு நிக்குது. மேய்ச்சக் கூலிய வெச்சுப்போட்டு ஓட்டீட்டுப் போ."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "ஆத்தா, நா நேரத்துக்கு வந்திருந்தா இங்க மேயறதுக்கு என்னங்க இருந்திருக்கும்? நா வராம இருந்ததுக்கு நீங்கதானுங்க கூலி குடுக்கோணும்."

"வராததுக்குக் கூலியா? அப்பிடிப் பாத்தா உனக்கு ஊரே கடன்பட்டிருக்குமே."

கணவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். டிராக்டர்காரர் மிசினை மாட்டிக்கொண்டு, புல்லின் மேல் ஏறாமல், அந்தப் பொட்டல் பட்டை வழியாகவே வண்டியைப் பின்னுக்கு எடுத்து வெளியே போனார். அவ்வளவுதான். உழவு வேண்டாம் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. குத்தகைக்காரரிடம் அன்று சாயங்காலமே கணவர் போய்ப் பேசினார். அத்தை பையிலிருந்த சேலைகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டார்.

நாங்கள் மூன்று பேர் மட்டும் கோவை திரும்பினோம். வழியெல்லாம் எனக்குக் காப்பகத்தின் ஜன்னல் கம்பிகள்தான் கண்ணில் நின்றன.

அடுத்து வந்த மாதங்கள் சுலபமாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்குப் பிறகு பாப்பாவைக் காப்பகத்தில் விட்டேன். முதல் சில நாட்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் மாடிப்படியில் மறைந்து நின்று கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவேன். முதல் மாதத்தில் அவளுக்குக் காய்ச்சலும் வந்தது. அந்த நாட்களில் ஊரில் புல் நன்றாக நிற்கிறது என்று அத்தை போனில் சொன்னபோது, என்னால் உண்மையாகவே சந்தோஷப்பட முடியவில்லை. பிறகு மெல்ல மெல்லப் பழகிவிட்டாள். இப்போது சாயங்காலம் கூப்பிடப் போனால், விளையாட்டு முடியட்டும் என்று என்னை வெளியில் உட்கார வைக்கிறாள்.

ஐப்பசி, கார்த்திகையிலும் மழை கைவிடவில்லை. புல் முழங்கால் உயரம் வந்து கதிர் வைத்து விதை கொட்டியது. அதுவரை அத்தை மாட்டை உள்ளே விடவில்லை. விதை விழுந்த பிறகுதான் படலைத் திறந்தார்.

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது புளி ஜாடிக்குப் பின்னால் அந்தப் பொட்டலம் கிடைத்தது. தூக்கிப்போடப் போனவள், என்ன நினைத்தேனோ, அதே மாதிரி வேட்டித் துணியை நனைத்து அதே டிபன் பாக்ஸ் மூடியில் வைத்தேன். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் விட்டு, அதன் மேல் பச்சை ஊசி எழுந்தது. எல்லாம் முளைத்தன என்று சொல்ல முடியாது, ஆனால் நிறைய முளைத்தன. நான் செத்ததாகச் சொன்ன அதே விதைகள்தான் அவை.

என்னோடு படித்துவிட்டு இப்போது கல்லூரியில் பாடம் நடத்தும் தோழியிடம் கேட்டேன். அவளுக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. வறண்ட நிலத்துப் புல் பலவற்றில் புது விதை சில மாதங்கள் உறங்கித்தான் எழும், உமியோடு இருந்தால் இன்னும் தாமதமாகும் என்றாள். எழுந்த பிறகும் எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைத்துவிடாது, சித்திரை மாதிரி ஒரு மழை ஏமாற்றினாலும் மண்ணில் மிச்சம் இருக்கும் என்றாள். இந்த விதை உறக்கத்தைப் பற்றி மூன்றாம் வருடத் தேர்வில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. எனக்கும் ஞாபகம் வந்தது. நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

அத்தையிடம் இதைப் போனில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். மீதி விதை இருந்தால் வரும்போது எடுத்து வா, அந்தப் பட்டையில் தூவிவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

என்னை இன்றும் விடாத கேள்வி விதையைப் பற்றியது இல்லை. காய்ச்சலையும் கேஸையும் வாசல் பூட்டையும் இரண்டு தடவை பார்க்கிற நான், அந்தச் சோதனையை மட்டும் ஏன் ஒரே தடவையோடு நிறுத்தினேன்? கையில் மீதி விதை இருந்தது. மாசி, பங்குனி, வைகாசி என்று மாதங்களும் இருந்தன. சித்திரையில் காடே பச்சை கட்டியபோது கூட அந்தப் பொட்டலத்தைத் தேடத் தோன்றவில்லை. முளைக்கவில்லை என்ற பதில் எனக்குத் தேவைப்பட்டதா, அல்லது குழந்தை, வேலை என்ற அலைச்சலில் மறந்துதான் போனேனா என்று எத்தனை முறை யோசித்தாலும் ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் தோன்றுகிறது.

எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது யாருடைய அறிவும் இல்லை. சொன்ன நாளில் வராத ஒரு டிராக்டர்காரரும், அவருக்கு வந்த ஒரு போனும்தான். இனி யாராவது ஒன்றைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டால், கண்ணில் பட்டதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவும், வாயைத் திறப்பதற்கு முன்னால் எந்தப் பதில் எனக்கு வசதியானது என்று ஒருமுறை என்னையே கேட்டுக்கொள்ளவும், வேலியோரத்தில் கிடந்த அந்தப் பொட்டல் பட்டை இன்றும் எனக்கு நினைவூட்டுகிறது.